வாப்பாவின் மொரிஸ் மைனரும் நாற்பது பங்குக் கணக்கும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். எல்ல பக்கம் சுற்றுலா போய் பதுளைக்குத் திரும்பும் வழியில் ஹாலிஎலயில் தேநீர் குடிக்க இறங்கிய இரண்டு கொழும்புக்காரர்கள், வாசலில் நின்ற மொரிஸ் மைனரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் குனிந்து அடியைப் பார்த்தார். மற்றவர் நேரே என்னிடம் வந்தார்.

"ஹாஜியார், இதைக் கொடுக்கிற யோசனை இருக்கா? பதினைந்து தாறோம்."

பதினைந்து என்றால் பதினைந்து இலட்சம். கொடுக்கும் எண்ணமில்லை என்றேன். தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வாசலுக்கு வந்த பதினைந்து இலட்சத்தை வேண்டாம் என்கிறீங்களே நானா! உங்களுக்கு என்ன செலவு? வாப்பா விட்டுப் போன பழைய இரும்புதானே!"

வியாபாரம் செய்கிற மனிதர், ஆனால் 'என்ன செலவு' என்று கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்கவில்லை. அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பழைய காரைத் திருத்தி விற்றால் நல்ல இலாபம் என்று இப்போது நம்மவர்களில் பலர் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பிரயோசனப்படலாம்.

முதலில் காரைப் பற்றி. மொரிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். ஆங்கிலக் கார் என்று நாம் சொன்னாலும், இந்த மனிதர் பிறந்தது உஸ்மானியப் பேரரசின் துறைமுகமாக இருந்த, இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில். மாதிரிக் கார் செய்து முடிந்த பிறகு, அகலம் போதாது என்று அதை நட்டநடுவே இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, இதுதான் சரி என்றாராம். பொனட்டின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டி அதன் அடையாளம். 1961 ஆரம்பத்துக்குள் பத்து இலட்சம் கார்கள் ஓடிவிட்டன. பிரித்தானியக் கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது இதுதான். இந்தக் காருக்குப் பின் அவர் வரைந்ததுதான் 1959 இல் வந்த மினி.

எங்கள் கார் 948 சீசீ எஞ்சின், '1 ஸ்ரீ' இலக்கம். சிக்னலுக்கு விளக்கு இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சிறிய கை போல ஒன்று வெளியே நீளும். தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது 1968 இல் வாப்பா அவரிடம் வாங்கினார். அது புதுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோயிருந்த காலம். 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை இருப்பதை ஓட்டுவதுதான் வழி. அதனால்தான் நம் நாட்டுப் பாஸ்மாருக்கு இந்தக் காரின் ஒவ்வொரு ஆணியும் மனப்பாடம். பாகம் இல்லையென்றால் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டார்கள். அந்தக் கைப்பழக்கம் பிற்காலத்தில் ஏற்றுமதி வியாபாரமாகவே மாறியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவரோடு சேர்ந்து, 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கார் செய்த நாட்டுக்கே நாம் பாகம் விற்றோம்!

அந்த வெயர் சொன்ன கணக்கு எந்த வியாபாரிக்கும் விளங்கும். புதுக் கார் வாங்குகிறவனுக்குப் பெரிய செலவு பெற்றோல் அல்ல, தேய்மானம். கடையிலிருந்து வெளியே எடுத்த நாளிலிருந்து விலை விழுகிறது. நல்ல பழைய காருக்கு விழ வேண்டியது எல்லாம் விழுந்து முடிந்துவிட்டது. வருடா வருடம் திருத்தச் செலவைப் போட்டால் அது பெறுமதியில் நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை. துரு உள்ளே போகாமல் இருக்க வேண்டும். எங்கள் காரில் அது போய்விட்டிருந்தது.

வாப்பா 2011 இல் மௌத்தானார். அதற்கு இரண்டு வருடம் முன்னரே கார் நின்றுவிட்டது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டிலில், மேலே பழைய சாக்கு, உள்ளே கோழி. உடுவரை, தெமோதரைப் பக்கம் தோட்டங்களில் இரவில் பிரசவ வலி என்றால் லயத்திலிருந்து ஆள் ஓடி வந்து வாப்பாவைத்தான் எழுப்புவார்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அந்தக் கார் போன இரவுகள் அதிகம். அப்படிப்பட்ட வாகனத்துக்குள் கோழி முட்டையிட்டது. பத்து வருடத்தில் நாங்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடை பூட்டு. வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். மகனையும் சேர்த்துக்கொண்டு கொட்டிலைத் திறந்தேன்.

இங்கே துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரையோர ஊர்களில் காரைத் தின்பது உப்புக்காற்று. அது வெளியிலிருந்து தின்னும், கண்ணுக்குத் தெரியும். நம் ஊவா மலையில் தின்பது ஈரம். ஐப்பசியிலிருந்து தை வரை பெய்யும் மழையும் மூடுபனியும் தகட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மொரிஸ் மைனருக்கு லொறி மாதிரித் தனியான சேஸி இல்லை. தரையும், கதவுகளுக்குக் கீழே முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் தகட்டுப் பெட்டியும், முன் ஆசனத்துக்குக் கீழே குறுக்காகப் போகும் துலாவும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அந்தப் பெட்டிகளின் அடியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். பெயின்ட் பளபளக்கும், உள்ளே எலும்பு கரையும்.

நான் செய்த பரிசோதனை சுலபமானது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுக்கத் தடவினேன். தகட்டில் ஒட்டும், புட்டியில் ஒட்டாது. வலப்பக்கத் தகட்டுப் பெட்டியில் இரண்டு அடி நீளத்துக்குக் காந்தம் விழுந்துகொண்டே இருந்தது. திருப்புளியால் குத்தினால் சோற்றில் குத்தியது போல உள்ளே போயிற்று. உடைத்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது இரும்பு அல்ல, கசக்கித் திணித்த சிங்களப் பத்திரிகை! 1994 தேர்தல் செய்தி வாசிக்கக்கூடியதாக இருந்தது. அந்த வருடம் வாப்பா ஒரு பட்டறையில் துரு வேலைக்கு முழுக் கூலி கொடுத்துக் காரை விட்டிருந்தார். பட்டறைக்காரர் கடுதாசியைத் திணித்து, மேலே புட்டி இழைத்து, பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். வாப்பா அதை நம்பி, பிரசவத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மலையிறங்கி ஓடியிருக்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் நம்மில் தெரியாதவர் இல்லை. மழையில் நனைந்ததை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே வைத்திருந்தார் அந்த வியாபாரி. புட்டி பூசிய கார் அதே குவியல்தான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும்: வெட்டி ஒட்டப் போகிறீர்களா, மூடி விற்கப் போகிறீர்களா? இரண்டாவதில்தான் இலாபம் அதிகம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

வெல்டிங்குக்கு ஊரில் ஒரு பாஸ் வந்தார். எழுபதை நெருங்கும் சிங்களவர், நல்ல கை. ஆனால் முதல் கிழமையே பெரிய பிழை நடந்தது. பிழை என் அவசரம். இரண்டு பக்கத் தகட்டுப் பெட்டியையும் ஒரே நாளில் வெட்டிவிடுங்கள் என்றேன். "எபா முதலாளி" என்றார், வேண்டாம் என்று. கேட்கவில்லை. வெட்டியதும் காரின் நடு ஒரு விரல் தொய்ந்தது. கதவு நிலையில் உட்காரவில்லை. பிறகு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்து, பழைய நிலைக்குக் கொண்டுவர பதினொரு நாள் போனது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் தொடுவதுதான் முறை. சட்டியைப் போல மெல்லிய கூரைத் தகடு போடாமல் 18 கேஜ் தகடு போட வேண்டும். ஆர்க் வெல்டிங் அந்தத் தகட்டை ஓட்டையாக்கும், மிக் வெல்டிங் நல்லது. இன்னொன்று, உரசிச் சுத்தம் செய்த தகட்டை எங்கள் ஊரில் இரவில் வெறுமையாக விடக்கூடாது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் செம்மண் நிறம். எத்தனை அடி உரசுகிறோமோ அத்தனை அடிக்கு அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

எஞ்சின் கதை சிறியது. இறுகிப் போயிருந்தது. பிளக் ஓட்டைகள் வழியே டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் விட்டு, முன்னால் கைபிடி போட்டு மெல்ல அசைத்தோம். பத்தாவது நாள் சுற்றியது, அல்ஹம்துலில்லாஹ். மில்லிமீற்றர் ஸ்பேனரால் அங்குல நட்டைத் திருகி நாலைந்தின் முனையை உருட்டியதும் உண்டு. வயரிங் பார்க்க வந்த தம்பி பற்றரியை மாற்றிக் கொடுத்துவிட்டார். இந்த வயதுக் கார்களில் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணையும், இப்போதைய கார்களுக்கு நேரெதிர். பாஸ் கண்டு கத்தியதால் தப்பினோம்.

பாகங்களில் பாதி பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. மீதி இங்கிலாந்திலிருந்து. முதல் பார்சல் வந்தபோது டொலர் இருநூறு ரூபாவுக்குச் சற்றுக் கீழே. இரண்டாவது பார்சலுக்குப் பணம் கட்டும்போது 2022 மே மாதம், முந்நூற்றறுபதை எட்டிப்பிடித்திருந்தது. அதே பிரேக் சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்தேன். வேலையை இழுத்தடித்தால் கடனில்லாதவனும் வட்டி கட்டுவது போலத்தான்.

இருபத்தாறு மாதம். அந்த ஜூனில் கார் உயிர் பெற்றது. பெற்றோல் இல்லாத நாடு! ஆகஸ்டில் கியூஆர் முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். அந்த அனுமதிக்காகக் கார்ப் புத்தகத்தைக் கையிலெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் இருப்பது வாப்பாவின் பெயர். மௌத்தாகிப் பதினொரு வருடமான மனிதர் இன்னும் உரிமையாளர்.

அதே கிழமை டோஹாவிலிருந்து தம்பி பேசினான். "நானா, வாப்பாட கார் இப்ப பதின்மூன்று, பதினான்கு போகுதாமே! எங்கட பங்கு என்ன மாதிரி?"

உண்மையைச் சொல்கிறேன், கோபம் வந்தது. கோழி முட்டையிடும்போது பங்கு கேட்காதவன், பெயின்ட் அடித்ததும் கேட்கிறானே என்று. தொலைபேசியை வைத்துவிட்டேன். இரண்டு கிழமை பேசவில்லை. வெலிமடையில் இருக்கும் தங்கச்சியும் "நானா, தம்பி சொல்வது..." என்று இழுத்தாள். அவளுக்கும் சுருக்கென்று பதில் சொன்னேன். ஒரு பழைய கார் ஒரு வீட்டை இரண்டாக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடைசியில் ஹஸ்ரத் ஒருவரிடம் போனேன். கொப்பியோடு போனேன். ஒவ்வொரு ரூபாவும் எழுதியிருந்தேன், மொத்தம் 7 இலட்சத்து 35 ஆயிரம். அவர் கொப்பியைத் திறக்கவேயில்லை. "தொடங்க முன்னே மற்ற வாரிசுகளிடம் கேட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ உங்க கார் இல்லாத ஒன்றுக்கு நீங்களாகச் செலவழிச்சிருக்கீங்க. அதை அவங்க மேல சுமத்த முடியாது. அவங்க மனம் ஒத்துத் தந்தால் வேற விஷயம்."

நம் நாட்டில் மரணசாசனம் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின்படி பிரிய வேண்டும் என்பது சட்டமும்கூட. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். காணி, கடையைப் பிரித்தோம். காரை யாரும் சொத்தாக எண்ணவில்லை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆண் பிள்ளைகள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, பெண் பிள்ளைக்கு ஒன்று. முழுவதையும் நாற்பது பங்காக்கினால் உம்மாவுக்கு 5, எனக்கு 14, தம்பிக்கு 14, தங்கச்சிக்கு 7.

சரி, எந்த விலையில்? இதுதான் முழு வழக்கும். ஊரடங்குக்கு முன்னர் ஒரு பழைய இரும்பு வியாபாரி காருக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம் கேட்டிருந்தார். அந்த விலையில் தங்கச்சிக்கு 28 ஆயிரம். என் மனம் முதலில் அங்கேதான் போனது, மறைக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஓடாத காருக்கும் விலை ஏறியது. அந்த ஏற்றம் என் வியர்வையால் வந்ததல்ல. கோழிக்கூடாகவே விட்டிருந்தாலும் ஏறியிருக்கும். ஆகவே அது நாற்பது பங்குக்கும் உரியது. வெட்டி ஒட்டியதால் ஏறியது மட்டும்தான் என் பக்கம் பேசக்கூடியது.

பதுளையிலிருந்து இரண்டு பாஸ்மாரைத் தனித்தனியே வரவழைத்தேன். திருத்துவதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டி, இந்த நிலையில் உள்ள மைனருக்கு இன்று என்ன விலை என்று கேட்டேன். ஒருவர் ஐந்து என்றார், மற்றவர் நாலு அறுபது. இடையில் 4 இலட்சத்து 80 ஆயிரம் என்று முடித்தோம். தம்பிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம், தங்கச்சிக்கு 84 ஆயிரம், உம்மாவுக்கு 60 ஆயிரம். கொப்பிச் செலவு என்னோடு. தம்பி ஒரு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான். தங்கச்சி அழுதாள். உம்மா மட்டும் அறுபதாயிரத்தை இரண்டு தரம் எண்ணி எடுத்துக்கொண்டு, "காருக்குள்ள என்ட ஆசனம் முன்னுக்குத்தான் மவன்" என்றார். எல்லோரும் ஒப்பமிட்ட பின் புத்தகத்தை என் பெயருக்கு மாற்ற, திணைக்களத்துக்கு மூன்று தரம் அலைந்தேன்.

இப்போது பக்கத்துக் கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். பங்குகளுக்குக் கொடுத்தது 3 இலட்சத்து 12 ஆயிரம். என் பங்கு 1 இலட்சத்து 68 ஆயிரம். அதை இலவசம் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் பிழை, விற்றிருந்தால் அது கையில் காசு. திருத்தச் செலவு 7 இலட்சத்து 35 ஆயிரம். மொத்தம் 12 இலட்சத்து 15 ஆயிரம். பதினைந்துக்குக் கொடுத்தால் மிஞ்சுவது 2 இலட்சத்து 85 ஆயிரம். நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகள், நானும் மகனும் இரண்டு ஆள். ஆளுக்கு ஒரு நாள் கூலியைப் பிரித்துப் பார்த்தால், என் கடையில் மூட்டை இறக்கும் தம்பிக்கு நான் கொடுப்பதில் பாதியும் வரவில்லை. இதில் அந்தப் பணம் முடங்கிக் கிடந்த காலத்தைச் சேர்க்கவில்லை. விற்கும் எண்ணத்தோடு வாங்கித் திருத்துகிறவர் என்றால் அது வியாபாரப் பொருள், வருடம் முடிய சந்தை விலையில் இரண்டரை வீதம் ஸகாத்தும் உண்டு. சொந்தப் பாவனைக் காருக்கு இல்லை.

ஆகவே குடும்பக் காரை வீட்டில் திருத்துவது வியாபாரமல்ல. வியாபாரமாகச் செய்ய நினைப்பவர் உடல் நல்லதாயும் எஞ்சின் கெட்டதாயும் உள்ள காரைத் தேட வேண்டும், மாறி அல்ல. எஞ்சின் மாதக் கணக்கில் முடியும் வேலை. துரு முடியாது.

எங்கள் காரிலும் முடியவில்லை. இடப்பக்கப் பின் மட்காட்டில் உள்ளங்கை அளவுக்கு இன்னும் பழைய புட்டி இருக்கிறது. அந்தத் தகடு இங்கிலாந்திலிருந்து எடுக்க இப்போதைய விலைக்கு மனம் வரவில்லை. கொழும்புக்காரர் குனிந்து பார்த்தது சரியாக அந்த இடத்தைத்தான். நானே விரல் வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பதினைந்து சொன்னார்கள். புதன்கிழமை பின் சில்லுப் பிரேக் பார்க்கப் பாஸ் வருகிறார். சனிக்கிழமை உம்மாவை வெலிமடைக்குக் கூட்டிப் போக வேண்டும், தங்கச்சி வீட்டுக்கு. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போனால் ஏறிவிடும், இன்ஷா அல்லாஹ்.